மோரை நடுவில் ஊற்றியவர்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தொனி சரியில்லை, நிதானம் போதாது என்று யாரும் குறைப்படக் கூடாது.

ஓர் இணைய இதழிலிருந்து கூப்பிட்டார்கள். மிகுபுனைவு எழுத வருகிறவர்களுக்குப் பத்து யோசனைகள் எழுதித் தர வேண்டுமாம். எழுத்தை மெருகேற்றுவது எப்படி, எழுதி முன்னுக்கு வருவது எப்படி, வாசகரைப் பிடித்து உட்கார வைப்பது எப்படி. நான் மிகுபுனைவு எழுதியவன் இல்லை. வீடு, பேருந்து, கோர்ட்டு, கல்யாணம் இவற்றைத் தாண்டி என் கதைகள் எங்கேயும் போனதில்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். யோசனை சொல்கிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நம் நாட்டில் எவன் சட்டம் போட்டான்?

உட்கார்ந்து எழுதியது இவ்வளவுதான்:

"யோசனை ஒன்று: உங்கள் உலகத்துக்கு ஒரு வரைபடம் போடுங்கள். மலை எங்கே, கடல் எங்கே, எதிரி நாட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெளிவாக—"

அந்த இடத்தில் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து, தான் எழுதுவதை எனக்குப் படிக்கத் தருகிற அஜிதா போன் செய்தாள். பின்னால் பேருந்துகள் இரைந்துகொண்டிருக்க, அரைமணி நேரம் பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி வைத்துவிட்டு யோசனை இரண்டுக்குப் போயிருப்பேன். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள், அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

வரைபடமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பத்து யோசனைக்குப் பதிலாக இந்தக் கதை. இனி இதில் "நான்" அதிகம் தலைகாட்ட மாட்டான். அஜிதாவின் பக்கத்தில் நின்று சொல்லப் பார்க்கிறேன். கோபம் மிஞ்சும்போது மட்டும் அடைப்புக்குறிக்குள் வந்து கத்திவிட்டுப் போவேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று வழிகள் இருந்தன.

(அ) "அஜிதா ஊசியைக் கையில் எடுத்தபோது வெளியே மழை—" வேண்டாம். மழையில் தொடங்கிய கதைகள் போதும்.

(ஆ) "மலைநாட்டுக்கும் கடல்நாட்டுக்கும் தீராத பகை." இது நல்ல தொடக்கம். ஆனால் இது அவளுடைய நாவலின் முதல் வரி. அதில் நான் கை வைக்கக் கூடாது. (கை வைத்தவர்களைப் பற்றித்தான் கதையே.)

(இ) உள்ளதை உள்ளபடி சொல்வது. இதுதான் சரி.

அஜிதா தக்கலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்காருகிறவர்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தடவிப் பார்த்து, வலிக்காமல் ஊசி போடுவாள். அவள் கைராசிக்காகவே குலசேகரத்திலிருந்தும் ஆட்கள் வருவது உண்டு. கணவன் ஸ்ரீஜித் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவளுக்கு நாற்பது நெருங்குகிறது. பல வருடங்களாக வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் பேருந்தில் உட்கார்ந்து கைப்பேசியில் கட்டைவிரலால் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். அதன் பெயர் "மோர் வராத பந்தி". அதை அதுவரை படித்தவர்கள் ஸ்ரீஜித்தும் நானும் மட்டும்தான். ஸ்ரீஜித் பாதியில் தூங்கிவிட்டான் என்பது அவளுடைய குற்றச்சாட்டு.

இந்த நாவல் அவள் பெயரில், அவள் எழுதியபடி, நாலு பேர் காதில் விழ வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அது நடந்ததா இல்லையா என்பதுதான் இந்தக் கதை.

3

நாவலின் விதை ஒரு கல்யாணத்தில் விழுந்தது.

அவளுடைய சித்தி மகள் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமனை மேடையில் போட்டோ எடுக்கும்போது ஓரமாக நிறுத்திவிட்டார்கள். படத்தில் அவருடைய பாதி முகம்தான் வருமென்று யாரோ அவர் காதில் ஊதினார்கள். பெண் வீட்டுப் பொன்னுலிங்கம் மாமா சும்மா இருக்கக் கூடாதா? பாதி முகம் வந்ததே பெரிய காரியம் என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் மண்டபத்து வாசலில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு முறுகியது. ஆனால் இலை போட்டாயிற்று. இரண்டு பேரும் ஒரே பந்தியில், ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள்.

பந்தியில் உட்கார்ந்தால், கடைசி ஆள் உண்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நடுவில் எழுந்தால் பக்கத்து இலைக்காரரை அவமதித்தது போல. எல்லாரும் எழுவதற்கு அடையாளம் மோர். பருப்பும் நெய்யும் வரும், சாம்பார் வரும், பிரதமன் என்கிற பாயசம் வரும், ரசம் வரும், மோர் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.*

அன்று விளம்புவதற்கு, அதாவது பரிமாறுவதற்கு, ஆள் பற்றவில்லை. அஜிதாவும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கியிருந்தாள். இரண்டு முனையிலும் கண்கள் சிவந்திருப்பதைப் பார்த்தாள். மோர் வாளியை எடுத்துப்போய் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, பிரதமனோடு திரும்பி வந்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு ஊற்றினாள். அவர் வேண்டாம் வேண்டாமென்று இலையைக் கையால் மறைக்க மறைக்க, விரலிடுக்கில் ஊற்றினாள். பொன்னுலிங்கம் மாமாவுக்குப் பழத்தைப் பிசைந்து போட்டாள். மறுபடி ஊற்றினாள். வயிறு நிறைந்த மனிதனால் ஓரளவுக்கு மேல் கோபமாக இருக்க முடியாது. கடைசியில் மோர் வந்தபோது தாய்மாமன் ஏப்பம் விட்டுக்கொண்டே, போட்டோவை இன்னொரு தரம் எடுக்கலாமே என்றாராம்.

இதிலிருந்து அவள் நாவலைக் கட்டினாள். மலைநாட்டு வீரர்களும் கடல்நாட்டு வீரர்களும் பழைய வழக்கப்படி போருக்கு முன் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். பந்தி எழுந்தால் போர். விளம்புகிறவள் பெயர் விளம்பி. அவளுடைய பாத்திரம் வற்றாது. மோர் வாளி அவள் வசம். அவள் அதைத் தொடாதவரை யாரும் சாக மாட்டார்கள்.

வாள் இல்லை, பறக்கும் குதிரை இல்லை. ஒரு பெண் சோற்றுக் கரண்டியால் போரைத் தள்ளிப்போடுகிறாள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த பொறாமையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

(* ரசம் பிரதமனுக்கு முன்னா பின்னா என்று தோவாளைக்காரர்களும் கல்குளத்துக்காரர்களும் அடித்துக்கொள்ளட்டும். மோர் கடைசி என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.)

4

வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் இரண்டு நாள் பயிற்சி முகாம் நடந்தது. "மிகுபுனைவில் வெல்வது எப்படி" என்று பலகை. நடத்தியவர் ராஜகுமார். சென்னையில் ஒலிக்கதைகள் வெளியிடும் ஒரு செயலியின் கதைப்பிரிவுத் தலைவர். அப்பாவுக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் மயிலாடி என்பதை அவர் பேச்சுக்குப் பேச்சு நினைவுபடுத்தினார். கலந்துகொள்கிறவர்கள் முதல் மூன்று அத்தியாயங்களை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், தேர்வாகும் ஒரு கதை செயலியில் வரும். அஜிதா அனுப்பினாள், விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் அவர் சொன்ன விதிகள்: முதல் நிமிடத்திலேயே ஒரு சாவு. முதல் அத்தியாயத்தில் ரத்தம். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிக்கு மேல் கூடாது, கேட்கிறவன் தள்ளிவிட்டுப் போய்விடுவான். அஜிதாவின் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, "மேடம், ஐடியா சூப்பர். ஆனா ரத்தமே இல்லையே" என்றார்.

நாள் முழுக்க ரத்தம் எடுக்கிறவளிடம் போய் இதைச் சொல்கிறார். ரத்தம் என்பது ஒரு துளி சிந்தாமல் எடுக்க வேண்டிய பொருள் என்று அஜிதாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

அடுத்தது யட்சி. உங்கள் ஊரில்தான் யட்சி உண்டே, விளம்பியை யட்சியாக்கிவிட்டால் என்ன என்றார். குமரி மாவட்டத்திலிருந்து ஒருத்தி பேனாவை எடுத்தால் அவள் யட்சியைத்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. எங்கள் ஊரில் யட்சியைத் தவிர பல் டாக்டர்கள், பேருந்து நடத்துநர்கள், கணக்கு வாத்தியார்கள் எல்லாரும் இருக்கிறார்கள் என்பது சென்னைக்கு எட்டவே எட்டாதா?

(சரி. அடைப்புக்குறிக்குள் போக மறந்துவிட்டேன். இருக்கட்டும்.)

4, மறுபடியும்

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ராஜகுமார் அட்டைப்பெட்டியில் வெட்டிய ஆள் மாதிரி நிற்கிறார். இப்படி எழுதினால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? எனவே, எனக்குப் பிடிக்காவிட்டாலும், நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

அன்று மாலை முகாம் கலையும்போது அவர் அஜிதாவைத் தனியாகக் கூப்பிட்டார். கடல்காற்றில் தலைமுடி பறக்க, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "விளம்பி இப்படி விளம்பிட்டே இருக்காளே, அவளுக்கு இதுல என்ன இழப்பு?"

அஜிதா அதை யோசித்திருக்கவே இல்லை. பாத்திரம் வற்றாது, அவ்வளவுதான் எழுதியிருந்தாள். எதுவும் கொடுக்காமல் கிடைக்கிற மாயம் சப்பென்றுதான் இருக்கும் என்பது அவர் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நியாயமான கேள்வி. நானும் படித்தேன், எனக்குத் தோன்றவில்லை. எழுத்தில் முன்னேற யோசனை வேண்டுமென்றால் இதோ: உங்கள் கதையிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கிற ஆள் கிடைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்குச் சுசீந்திரம் தாண்டும்போது விடை கிடைத்தது. பாத்திரம் வற்றாது. ஆனால் ஒவ்வொரு சுற்று விளம்பும்போதும் விளம்பி தன் ஆட்களில் ஒருவரின் பெயரை மறந்துபோவாள். முதலில் தூரத்து உறவு. பிறகு கூடப்பிறந்தவர்கள். பிறகு பெற்றவர்கள். ஒரே ஒரு பெயர்தான் பாக்கி, அவள் மகளுடைய பெயர். அந்த மகள் கடல்நாட்டுப் படையில் சேர்ந்து அதே பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு சுற்று விளம்பினால் மகள் பிழைப்பாள், ஆனால் அவள் யாரென்றே இவளுக்குத் தெரியாது.

கட்டைவிரல் நோக எழுதினாள். தக்கலை நிறுத்தத்தைத் தவறவிட்டு அழகியமண்டபத்தில் இறங்கித் திரும்பி வந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு நிறுத்தத்தையும் தவறவிட்டதில்லை என்று பிறகு சொன்னாள்.

5

இரண்டாம் நாள் புதிய பக்கங்களை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அவர் கையில் கொடுத்து, நீங்கள் கேட்டதற்குப் பதில் என்று சொல்ல வேண்டும். பேருந்திலேயே அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

கொடுக்க நேரம் கிடைக்கவில்லை. போனதும் ஓர் இன்ப அதிர்ச்சி என்று ராஜகுமார் அறிவித்தார். தேர்வான கதை அஜிதாவுடையது. கைதட்டினார்கள். செயலியின் குழு அதன் முதல் அத்தியாயத்தை ஒலிவடிவில் தயார் செய்து அனுப்பிவிட்டது, இப்போதே கேட்கலாம் என்றார். ஒலிபெருக்கியில் முரசு முழங்கியது.

விளம்பி யட்சியாகியிருந்தாள். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு ஒரு கம்பீரமான ஆண்குரல் சொன்னது: விளம்பி சோற்றில் மோரை ஊற்றினாள். வீரர்கள் உண்டார்கள். அதன்பின் சாம்பார் வந்தது. இறுதியில், இனிப்பாக, பாயசம்.

அறையில் சிலர் தலையைத் தூக்கினார்கள். அஜிதாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் நேசபாய், இரணியல் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தேவதூதர்களை வைத்து ஒரு நீண்ட கதை எழுதிக்கொண்டிருப்பவர். அவர் குனிந்து, "மோரு ஊத்தியாச்சுல்லா? அப்ப எல்லாவனும் எந்திச்சிருப்பானே. பின்ன ஆருக்குச் சாம்பார்?" என்று கேட்டார்.

அதேதான். மோர் வந்தால் பந்தி எழும், பந்தி எழுந்தால் போர். அந்த நாவலின் சட்டம் அது ஒன்றுதான். முதல் அத்தியாயத்தின் நாலாவது வரியிலேயே நாவலைக் கொன்றுவிட்டு, மேற்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று அத்தியாயங்களில் ஒன்றையாவது ஒருவராவது படித்திருந்தால் இது நடந்திருக்குமா? படிக்காமலேயே ஒரு கதையைத் தேர்வு செய்யலாம், மாற்றி எழுதலாம், முரசு வைக்கலாம். எழுதியவளைத் தவிர எல்லாருக்கும் அதில் உரிமை உண்டு.

தேநீர் இடைவேளையில் அவள் ஸ்ரீஜித்துக்குப் போன் செய்தாள். அவன் முதலில் வாழ்த்துச் சொன்னான். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏட்டி அஜி, ஒரு வாளி மோருக்கா நீ இந்தத் துள்ளு துள்ளுக? எத்தன வருசமா எழுதுக. நாலு பேரு கேக்கட்டும்லா" என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் பெயரை ஒலிபெருக்கியில் கேட்க அவனுக்கும் ஆசை.

"அந்த வாளிய அவ பிடிச்சிருக்கதுனாலதான் சண்ட வராம நிக்கி. அது இல்லன்னா என் கதையில என்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள் அஜிதா. இதை இப்படியே வெளியிடச் சம்மதமா என்று மதியத்துக்குள் ராஜகுமாரிடம் முடிவு சொல்ல வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

6

மதியம் நிறைவு விருந்து. வந்தவர்களைக் கௌரவிக்க விடுதிக்காரர்கள் இலை போட்டிருந்தார்கள். சமையல் உள்ளூர் ஆள், எல்லாம் முறைப்படி வந்தது. ராஜகுமார் பந்தியின் நடுவில், நேசபாய்க்குப் பக்கத்து இலையில்.

அஜிதா உட்காரவில்லை. பசிக்கவில்லை, நான் விளம்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். பருப்பு, சாம்பார், பிரதமன், ரசம் எல்லாம் சிப்பந்திகள் கொண்டுவந்தார்கள். மோர் வாளி வந்தபோது அதை அவள் கையில் வாங்கிக்கொண்டு பந்தியின் முனையில் நின்றாள். ஏதோ திட்டம் போட்டுச் செய்ததாக நினைக்க வேண்டாம். என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கினேன் என்றுதான் என்னிடம் சொன்னாள்.

ராஜகுமாருக்குப் போன் வந்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, இலையில் பாதிச் சோறு கிடக்க, எழுந்தார்.

பந்தி அப்படியே நின்றது. அதாவது, சாப்பிடுவது நின்றது. யாரும் எழவில்லை. வாயருகே போன கைகள் இலைக்குத் திரும்பின. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் போனை வைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று விழித்தார்.

"சார், இரியுங்க. பந்தி முடியல்ல" என்றார் நேசபாய்.

அவர் சிரித்தார், உட்காரவில்லை. கிளம்ப நேரமாகிவிட்டது என்றார். வாளியோடு நின்ற அஜிதாவைப் பார்த்து முடிவு என்ன என்று கேட்டார்.

"ஒரு காரியம் சொல்லட்டா சார்" என்றாள் அஜிதா. "விளம்பிக்கு என்ன நட்டம்னு கண்டுபிடிச்சிட்டேன். பையில கொண்டாந்திருக்கேன்."

"என்ன நட்டம்?"

"நேத்து நீங்கதானே சார் கேட்டிய. கடல்பக்கம் நின்னு."

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். "நான் கேட்டேனா?" என்றார்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்த மாட்டோம், எங்கள் குழு இதேபோல் ஒன்றை எழுதிக்கொள்ளும் என்று தன்மையாகச் சொன்னார். "கான்செப்ட் யாருக்கும் சொந்தமில்ல மேடம். யெஸ்ஸா, நோவா?"

7

இங்கே முடிவு வர வேண்டும்.

முடிவு ஒன்று: அஜிதா மோர் வாளியை அவர் தலையில் கவிழ்த்தாள். எழுதிப் பார்த்தேன், அப்படி ஓர் ஆனந்தம். கறிவேப்பிலை காதோரம் தொங்குவதுவரை எழுதினேன். ஆனால் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. துளி சிந்தாமல் எடுப்பதுதான் அவள் தொழில். வெட்டிவிட்டேன்.

முடிவு இரண்டு: அவள் சரி என்றாள். யட்சி ஊரெங்கும் ஒலித்தது. தலைப்பில் அஜிதாவின் பெயர். ஸ்ரீஜித் மஸ்கட்டில் கூடத் தங்கியிருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டினான். இதைச் சொன்னால், நடைமுறைக்கு ஏற்ற முடிவு என்று பெரியவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு ஆகவில்லை.

முடிவு மூன்று: அவள் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள், சில வருடங்களில் நாவல் வெளியாகி விருது— நிறுத்து. விருது என்ன என் சட்டைப்பையிலா இருக்கிறது? செயலியின் குழு இதேபோல் ஒன்றை எழுதி முந்திக்கொண்டால்? அவளுடையதைப் பார்த்து, இது ஏற்கெனவே வந்த கதைதானே என்று நாலு பேர் சொன்னால்? அதற்கு என்னிடம் யோசனை ஒன்றுமில்லை.

அவள் நிஜத்தில் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். வடசேரியிலிருந்து பேசியபோது சொன்னாள். சொல்லிவிட்டு, "அண்ணே, இத நீங்க எழுதாண்டாம். நான் எழுதிக்கிடுகேன்" என்றாள்.

ஆகவே எழுத மாட்டேன். அவளைக் கேட்காமல் அவள் முடிவை எழுதியவர்கள் ஏற்கெனவே போதுமான பேர் இருக்கிறார்கள். அந்த வரிசையில் எனக்கும் ஓர் இலை போட வேண்டாம். இணைய இதழுக்குப் பத்து யோசனை போய்ச்சேராது. மிகுபுனைவுக்காரர்கள் என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் போகட்டும்.

இப்போது பாருங்கள். பந்தி உட்கார்ந்திருக்கிறது. அவர் நின்றுகொண்டிருக்கிறார், சோற்றுக் கை காய்ந்துகொண்டிருக்கிறது. அவள் பையில் ஒரு தாய் தன் மகளின் பெயரைத் தொண்டைக்குள் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். மோர் வாளியின் பிடியை இவ்வளவு நேரமாக நானும் அஜிதாவுமாகத்தான் பிடித்திருந்தோம். நான் விடுகிறேன், என் பக்கத்தை நீங்கள் பிடியுங்கள். கனமாகத்தான் இருக்கும்.

அவள் வாய் திறக்கும்வரை யாருக்கும் விளம்பிவிடாதீர்கள்.